சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்

நாலு வருசத்துக்கு முந்தி, ஜூன் மாத வெயில் தொடங்கின நாட்களில், இங்கே இத்தாலியின் பலெர்மோவில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் இது நடந்தது. அந்த வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு சின்யோரா, வீட்டுக்கார அம்மா, இருந்தா. சமையலும் துப்புரவும் என் வேலை. காலமை ஏழு மணிக்குப் போய்ப் பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்புவேன். சின்யோராவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, அங்கேயே தங்கி இரவு பகலாகப் பார்த்தது ஒரு ஜாவாக்காரப் பெண். ஜாவா என்றால் இந்தோனேசியாவில் ஒரு பெரிய தீவு, பிள்ளைகள். உலகப் படத்தை விரித்துப் பாருங்கள், இலங்கைக்குத் தென்கிழக்கே கடலுக்கு அப்பால் நீளமாகக் கிடக்கும்.

அவவுக்கு என்னை விடப் பத்து வயது குறைவு. எனக்கு அவவின் பாசை தெரியாது, அவவுக்கு என் பாசை தெரியாது. இரண்டு பேரும் உடைந்த இத்தாலியனில் கதைப்போம். என்னை 'மாஸ்' என்று கூப்பிடுவா. அவையளின் ஊரில் மூத்த ஆம்பிளையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நாங்கள் அண்ணை என்று சொல்வது போல. நான் அவவைத் தங்கச்சி என்றேன். அந்தச் சொல்லை நல்லாகப் பழகிவிட்டா.

வேலைக்கு நடுவில் தன் ஊரைப் பற்றிச் சொல்லுவா. மலைச்சரிவில் நாற்பது வீடுகள். தார்றோட்டு பாலத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேலே மோட்டார் சைக்கிள்தான், மழை பெய்தால் அதுவும் இல்லை. வயல்கள் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்குமாம். சிலது இந்தச் சமையலறை அளவுதான். மேல் வயல்காரன் வாய்க்காலைத் திறந்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். அவவின் அம்மா தன் வயலைப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பிரித்து, ஒவ்வொரு பங்கின் மூலையிலும் சிவப்பு இலைச் செடி ஒன்று நட்டிருந்தா. அதுதான் அங்கே எல்லைக்கல். எல்லாவற்றிலும் கீழே, ஓடைக்கரையில் இருந்த துண்டு இவவுடையது. இவ வெளிநாட்டில் இருந்தாலும், பிள்ளை காணியை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று ஊர் சொல்லக்கூடாது என்று அம்மாவே ஒவ்வொரு போகமும் அதில் இறங்கி நாற்று நட்டா.

ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளையும் சொல்லியிருக்கிறா. விடியமுந்தி, முட்டைக்கோவா ஏற்றின லொறியில், கோவாவுக்கு மேலே இருந்து பட்டணத்துக்குப் போனாவாம். அம்மா வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு பாலம் வரைக்கும் நடந்து வந்தாவாம். பாலத்தைத் தாண்டவில்லை.

அந்தக் கிழமை அவவின் போன், சின்யோராவைக் குளிப்பாட்டும்போது வாளித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. ரயில் ஸ்தாசியோனேப் பக்கம் ஒரு கடையில் திருத்தக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை வா என்றான். அதுவரைக்கும் அவசரம் என்றால் கூப்பிடட்டும் என்று என் நம்பரை அவவின் வீட்டுக்குக் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை என் போனிலேயே அம்மாவோடு வீடியோவில் கதைத்தா. அம்மா சேறு பூசின காலோடு வாசலில் குந்தியிருந்து, என்னையும் காட்டச் சொன்னா. என்னைப் பார்த்து ஏதோ கேட்டா.

"உங்களுக்கு எத்தினை வயல் எண்டு அம்மா கேக்கிறா."

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லு."

மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பக்கத்தில் பெரிய சிரிப்பு. "வயல் இல்லாத மனிசனுக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய வண்டி எண்டு கேக்கிறா, மாஸ்." நானும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தேன். அம்மாவை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

வியாழக்கிழமை காலமை ஏழரை இருக்கும். சமையலறையில் கோப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. அவவின் அக்காவின் மகள், பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை, இங்கிலீசில் எழுதியிருந்தாள். அம்மம்மா காலமை இறந்துவிட்டா, சித்தியை உடனே கூப்பிடச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

அவ பக்கத்து அறையில் சின்யோராவுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தா. போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம்.

நான் ஏன் சொல்லவில்லை என்பதை உங்களுக்கு விளங்கப்படுத்த வேணும். என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது இங்கே இருந்த கூட்டாளிமாருக்கு முதல் நாளே தெரியும். எனக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கு வருத்தம் கொஞ்சம் கடுமையாம் என்று சொல்லி ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், இடியப்பம் சாப்பிட வைத்து, பிறகு நாலு பேர் சுற்றி இருந்துதான் சொன்னார்கள். கனடாவில் இருந்து என் தம்பி போய்ச் சேரும் வரைக்கும் ஐந்து நாள் அப்பாவின் உடலைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எங்கட ஆக்களின் வழக்கம் இதுதான். செத்தவருக்கு அவசரம் இல்லை, இருக்கிறவர் விழுந்துவிடக்கூடாது.

என் மனிசிக்குப் போன் எடுத்தேன். அவ வேறொரு வீட்டில் வேலையில் இருந்தா.

"ஐயோ பாவம்! வெறும் வயித்திலை சொல்லிப்போடாதேங்கோ. விழுந்தா ஆர் தூக்கிறது? மத்தியானம் சாப்பிட விட்டுட்டு ஆறுதலாச் சொல்லுங்கோ."

"நானும் அப்பிடித்தான் யோசிச்சனான்."

அதோடு, இங்கே தங்குவதற்கான அவவின் அனுமதி, பெர்மெசோ, இன்னும் கைக்கு வரவில்லை. கொஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் செப்டெம்பரில்தான் நாள் கொடுத்திருந்தார்கள். இப்போது நாட்டுக்குப் போனால் திரும்பி வரமுடியாது. எப்படியும் போகப் போவதில்லை, பிறகு என்ன அவசரம் என்று என் மனம் கணக்குப் போட்டது. அந்தப் பிள்ளைக்கு ஓகே என்று மட்டும் ஒரு பதில் அனுப்பினேன்.

எட்டரை போல முதல் அழைப்பு வந்தது. அவ அப்போது என் பக்கத்தில் நின்று சின்யோராவின் பாலைச் சூடாக்கிக்கொண்டிருந்தா. நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பைக்குள் கையை விட்டுப் போனின் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டேன்.

"ஆர் மாஸ்?"

"என்ரை மனிசி."

பிள்ளைகள், இது பொய். இவ்வளவு சுகமாக ஒரு பொய் என் வாயில் இருந்து வந்தது இல்லை.

"எடுங்கோவன், கோவிக்கப்போறா."

"எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலை நிண்டு அவவோடை கதைச்சா கையும் சுடும், காதும் சுடும்."

அவ விழுந்து விழுந்து சிரித்தா. சத்தம் கேட்டுச் சின்யோரா அறைக்குள் இருந்து கத்தினா: "ரெண்டு பேரும் அங்கை என்ன கதைக்கிறியள்? என்ரை வீட்டை விக்கப் போறியளோ?"

"ஓம் சின்யோரா, விலை பேசி முடிஞ்சுது! உங்களையும் சேத்துத்தான் குடுக்கிறம்!"

"என்னை வாங்கிறவன் பாவம்," என்றா கிழவி.

அவ சிரித்துக்கொண்டே பாலை எடுத்துக்கொண்டு போனா. அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த நேரம் அங்கே அவவின் அம்மாவை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, இவவின் அழைப்புக்காக முழு ஊரும் முற்றத்தில் காத்து நின்றது.

அதற்குப் பிறகு போன் சத்தம் போடவில்லை. நானும் எடுத்துப் பார்க்கவில்லை. கபோச் சந்தைக்குப் போய் நல்ல தக்காளியும் பச்சை மிளகாயும் வாங்கி வந்தேன். அவவுக்குப் பிடித்த மாதிரி சோறு வதக்கி, மேலே முட்டை பொரித்து வைத்தேன். ஒரு மணிக்கு அவ சாப்பிட்டா. ஒரு பருக்கை விடவில்லை.

"இண்டைக்கு என்ன விசேசம், மாஸ்?"

கையைக் கழுவிவிட்டு வரச்சொன்னேன். வந்து கதிரையில் இருந்ததும் சொன்னேன்.

அவ அழவில்லை. "எப்ப?" என்று கேட்டா.

"காலமை, அங்கத்தை நேரம்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"காலமை ஏழரைக்கு."

கையை நீட்டி ஒவ்வொரு விரலாக மடக்கினா. இங்கத்தைய நேரத்தோடு ஐந்து மணித்தியாலம் கூட்டிப் பார்க்கிறா என்று விளங்கியது. "அங்கை இருண்டிட்டுது," என்றா. பிறகு என் போனைக் கேட்டா. எடுத்துக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன். எட்டரைக்கு ஒன்று, ஒன்பதே முக்காலுக்கு ஒன்று, பத்து நாற்பத்தேழுக்கு ஒன்று. மூன்று அழைப்பு.

வீட்டுக்கு எடுத்தா. அக்காவின் குரல் கேட்டது, பின்னால் ஆக்கள் ஓதுகிற சத்தமும் கேட்டது. இவ அதிகம் கதைக்கவில்லை. வைத்துவிட்டு, சமையலறை நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்து, எனக்கு எல்லாவற்றையும் சொன்னா. கடிதம் வாசிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னா.

அவையள் முஸ்லிம்கள். செத்தவரை அன்றைக்கே, முடிந்த கெதியில் அடக்கம் செய்துவிடுவார்கள். மத்தியானத்துக்கே எடுத்திருக்க வேண்டியது. நான் ஓகே என்று அனுப்பினதால், மகளுக்குச் சொல்லியாயிற்று, இப்போது கூப்பிடுவாள் என்று நினைத்துப் பின்னேரத் தொழுகை வரைக்கும் வைத்திருந்தார்கள். முகத்தை மூடாமல் வைத்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது, இனி வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். கடைசியில் முகத்தை மூடிவிட்டார்கள்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. பாடையைத் தோளுக்குத் தூக்கிப் பிடித்ததும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குனிந்து அதற்குக் கீழால் மூன்று தரம் போய் வரவேணும். அம்மாவிடம் சொல்லிக்கொள்வது அதுதான். அக்கா தனக்காக மூன்று தரம் போனா. பிறகு தங்கச்சிக்காக, போனைக் கையில் பிடித்து, என் நம்பருக்கு அழைப்பு எடுத்துக்கொண்டு இன்னும் மூன்று தரம் போனா. தங்கச்சியின் குரலாவது அம்மாவுக்குக் கீழால் போகட்டும் என்று. மணி அடித்து அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை.

அதுதான் பத்து நாற்பத்தேழு. நான் அப்போது தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

"எங்கட ஊரிலை வச்சிருப்பினம்," என்றேன். "பிள்ளையள் வருமட்டும் நாலு நாள், அஞ்சு நாள்."

"மண்ணுக்குக் குடுக்காமலோ?" அவ என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. விளங்காத ஒன்றைப் பார்ப்பது போலத்தான் பார்த்தா. பிறகு சொன்னா: "அப்பா செத்த நேரம் நான் வேறை நாட்டிலை ஒரு வீட்டிலை வேலை செய்தனான். அந்த மேடம் என்ரை போனைப் பூட்டி வச்சவ. ஒரு கிழமைக்குப் பிறகுதான் சொன்னவ. அவ கெட்டவ. அவவை வெறுக்க எனக்குச் சுகமா இருந்தது. நீங்கள் எனக்கு முட்டை பொரிச்சுத் தந்தனீங்கள். உங்களை நான் என்ன செய்யிறது, மாஸ்?"

அறைக்குள் மணி அடித்தது. சின்யோரா கோப்பி கேட்டா. அவ எழும்பி, குழாயடியில் முகத்தைக் கழுவினா. "வாறன் சின்யோரா," என்று குரல் கொடுத்துக்கொண்டு போனா.

என்னை மாஸ் என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. அடுத்த நாளில் இருந்து 'சின்யோரே', அதாவது ஐயா. மரியாதையாக, ஒரு குறையும் சொல்லாமல். போன் திருத்தி வந்ததும் என் நம்பரைத் தன் வீட்டு ஆக்களிடம் அழிக்கச் சொன்னா. நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் சொன்னா. எனக்கு அந்தப் பாசை தெரியாவிட்டாலும் விளங்கியது.

மாரி தொடங்க முன்னம் பெர்மெசோ கிடைத்தது. வேறு பட்டணத்தில் வேலை என்று வெளிக்கிட்டா. போகிற நாள் ஒரு படத்தைக் காட்டினா. புது மண் மேடு, அதன் தலைமாட்டில் ஒரு சிவப்பு இலைச் செடி.

"என்ரை வயல் மூலையிலை நிண்டது," என்றா. "நான் வரேல்லையெண்டு அக்கா அதைக் கிளப்பிக்கொண்டு போய் அம்மாவுக்கு நட்டவ. இப்ப அந்த மூலையிலை அடையாளம் இல்லை. மேல் வயல்காரன் வரம்பைத் தள்ளிக்கொண்டு வாறானாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவ தலையை ஆட்டினா. மன்னித்தேன் என்று ஆட்டினாவோ, கேட்டது விளங்கியது என்று ஆட்டினாவோ, எனக்குத் தெரியாது.

இப்போது யாருடைய சாவுச் செய்தி என் கைக்கு வந்தாலும் அந்த நிமிசமே உரிய ஆளைத் தேடிப் போய்ச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் ஈரம் இல்லாத மனிசன் என்று எங்கட ஆக்களில் சிலர் என்னை ஏசுகிறார்கள். ஏசட்டும். மனிசி ஒருநாள், "நானும்தானே சொல்லாதேங்கோ எண்டனான்" என்று அழுதா. அவவில் பிழை இல்லை. செய்தி வந்தது என் கைக்கு.

இன்றைக்கும் கத்தரிக்காய் பொரிக்கும்போது என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறது. இரக்கம் என்று நினைத்து நான் ஒளித்து வைத்திருந்த, இன்னொருவருக்குச் சொந்தமான அந்த ஆறு மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இன்னும் ஒரு வழியும் தெரியவில்லை.