வெலிச்கோவின் பீப்பாய் கல்யாணத்துக்குப் போன கதை

வெலிச்கோ பானோவ் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஸ்லிவென் நகரத்தில் நாற்பத்தேழு லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும். அதற்காக அவர் பதறி நான் பார்த்ததில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "காத்து வருதுல்ல? அப்புறம் என்ன அவசரம்?" என்று கேட்பார்.

அதே மனிதர் அக்டோபர் கடைசியில் வேறு ஆளாகிவிடுவார். திமிதர் திருநாளுக்கு மறுநாள் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் எல்லோரும் கோஸ் ஊறப்போடுவோம். பதினொரு வீடு, பதினொரு பீப்பாய். வெலிச்கோவுடையது அறுபது லிட்டர், நீல நிறம், அடியில் குழாய் வைத்தது. பத்து லிட்டர் தண்ணீருக்கு நானூறு கிராம் கல்லுப்பு. அயோடின் கலந்த உப்பு வைத்திருப்பவர்களுடன் அவர் பேசுவதுகூட இல்லை. கோஸின் தண்டைக் குடைந்து அந்தக் குழியிலும் உப்பை அடைப்பார். ஒரு பிடி சோளம், ஒரு துண்டு பீட்ரூட், மேலே ஆற்றுக்கல். பிறகு முதல் பதினைந்து நாளும் மாலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்து உப்புநீரை வாளியில் பிடித்து, மேலே கொண்டுபோய் மறுபடி ஊற்ற வேண்டும். அடியில் தேங்கும் உப்பு மேலே வந்தால்தான் கோஸ் ஒரே சீராகப் புளிக்கும். ஒரு நாள் விட்டாலும் அவருக்கு மூச்சு முட்டும்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. ரப்பர் குழாயை அடிவரை விட்டு வாயால் ஊதினால் உப்புநீர் தானே குமிழியிட்டுக் கலங்கும். எங்கள் நாட்டில் பாதிப் பேர் ஊற்றுகிறவர்கள், மீதிப் பேர் ஊதுகிறவர்கள். முந்தைய வருடம் வெலிச்கோ பித்தப்பைக் கல்லுக்காக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில் அவருடைய பீப்பாயில் ஊதிவிட்டார். அந்தக் கோஸ் கிறிஸ்மஸுக்குள் ஊறிய துணிபோலத் தொளதொளத்துப் போனது. அரிசியும் இறைச்சியும் உள்ளே வைத்துச் சர்மி சுற்ற எடுத்தால் இலை கையோடு கிழிந்து வந்தது.

"சிகரெட்டு புடிக்கிற வாயி, அதையே என் பீப்பாய்க்குள்ள விட்டிருக்கான்" என்று அவர் அதைப் பற்றி ஒரு வருடம் முழுக்கப் பேசினார். இனி அந்தப் பதினைந்து நாளில் வீட்டை விட்டு ஓரிரவுகூட நகர்வதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய ஒரே மகள் ராலிட்சாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளைக்கு வர்னா துறைமுகத்தில் வேலை. கடற்கரை உணவகம் நவம்பர் ஏழாம் தேதிதான் கிடைத்தது. பீப்பாய்க்கு அது பதினோராவது நாள். கிறிஸ்மஸுக்குச் சம்பந்தி வீட்டார் முதல்முறையாக ஸ்லிவெனுக்கு வருவதாக ஏற்பாடு. அப்பா கையால் போட்ட கோஸில் சர்மி தருவதாக ராலிட்சா மாமியாரிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள்.

"மூணு நாள் யார்கிட்ட விட்டுட்டு வர்றது?" என்று வெலிச்கோ கேட்டார்.

"உன் பொண்ணு கல்யாணம்யா அது!" என்றாள் மனைவி கிங்கா.

"யாரு வரலைன்னது? நான் வர்றேன். அதுவும் வருது."

நானும் கல்யாணத்துக்குப் போனதால் மற்றதை நேரில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பீப்பாயைத் தள்ளுவண்டியில் கட்டி, கல்யாணக் கோட்டுப் போட்ட மூன்று ஆண்கள் சேர்ந்து ரயிலில் ஏற்றினோம். கார்னோபாத்தில் வண்டி மாறும்போது வாளி தண்டவாளத்தில் விழுந்து பிளந்தது. ஏழு மணி ஆனபோது வெலிச்கோ என்னுடைய தொப்பிப் பெட்டியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"இது என்ன?"

"கோஸு."

பரிசோதகர் பையிலிருந்து கட்டணப் புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினார். "நாய்க்கு டிக்கெட் இருக்கு. சைக்கிளுக்கு இருக்கு. பனிச்சறுக்குக் கட்டைக்கு இருக்கு. கோஸு இல்லியே."

"அப்ப இலவசம்."

"இல்லாததுக்கு எப்படிங்க இலவசம் குடுக்கறது?" என்றவர் மூக்கை உறிஞ்சினார். "பீட்ரூட் போட்டிருக்கீங்களா?"

"ஒரு துண்டு."

"நாங்க சீமைமாதுளை போடுவோம். எத்தனாவது நாளு?"

"பத்து."

"பத்தாவது நாளா! இன்னிக்கு ஊத்துனீங்களா இல்லியா?" என்று பரிசோதகர் பதறினார். உடனே தீயணைக்கும் மணல் வாளியைக் கவிழ்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். அவரே மூடியைப் பிடித்துக்கொள்ள, ஓடும் ரயிலில் ஊற்றல் நடந்தது. எதிரே இருந்த அம்மாள் ஊதுகிற கட்சி. "ஒரு குழாய் இருந்தா ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். பெட்டி முழுக்கச் சண்டை பற்றிக்கொண்டது. வர்னா வந்தபோது பாதிப் பேர் ஒருவரோடொருவர் பேசாமல் இறங்கினார்கள்.

மறுநாள் காலை பீப்பாயை உணவகத்தின் சமையலறைக்குப் பின்னால் இருந்த நடையில் வைத்தோம். சாயங்காலம் ஏழு மணிக்கு விருந்து நடுவில் எழுந்துபோக முடியாது என்பதால் அன்று மட்டும் காலையிலேயே ஊற்றிவிடுவதாக வெலிச்கோ திட்டம் போட்டிருந்தார். வாளி இல்லை. சுவரோரம் பளபளவென்று ஒரு செப்புக்குடம் இருந்தது. அதைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்தார். பன்னிரண்டு லிட்டர் நிறைந்த நேரம், கிங்கா வாசலிலிருந்து கத்தினாள்:

"வெலிச்கோ! பொண்ணு வந்தாச்சு! டை எங்கய்யா?"

அவர் குழாயை மூடிவிட்டு டையைத் தேடி ஓடினார். குடம் நடையிலேயே நின்றது.

கல்யாணத்தன்று வாசலில் மணமகள் உதைத்துக் கவிழ்க்கிற குடம் எது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். செம்பில் இருக்கும், தண்ணீர் நிறைந்திருக்கும், வழியில் நிற்கும். மாப்பிள்ளையின் அத்தை அந்தக் குடத்தைத் தூக்கி வந்து, அதில் ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் போட்டு வாசலில் வைத்தாள்.

"நல்லா உதைம்மா! எவ்வளவு தூரம் சிந்துதோ அவ்வளவு அதிர்ஷ்டம்!"

ராலிட்சா கைப்பந்து விளையாடியவள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதைத்தாள். இளஞ்சிவப்புத் தண்ணீர் நாலு மீட்டர் பறந்தது. சோள மணிகள் தரையில் உருண்டன. சம்பந்தியம்மாவின் வெளிர்நிறக் காலணிகளுக்குள் உப்புநீர் புகுந்தது. புளிப்பு நெடியில் வாத்தியக்காரர் வாசிப்பை நிறுத்தினார்.

ராலிட்சா குனிந்து ஒரு சோள மணியைப் பொறுக்கிப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா... இது நம்ம வீட்டுத் தண்ணியா?"

டை வெலிச்கோவின் கழுத்தில் பாதி முடிச்சோடு தொங்கியது. பன்னிரண்டு லிட்டர் போய்விட்டது. மேல் அடுக்குக் கோஸ் இரண்டு விரற்கடை வெளியே நிற்கும். சாயங்காலத்துக்குள் மூடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். புதிதாக உப்புநீர் கலக்கி ஊற்றவும் முடியாது. பதினோராவது நாளில் புதுத் தண்ணீர் பட்டால் கோஸ் பயந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. அவருக்கு வேண்டியது அதே வயதுள்ள உப்புநீர்.

சம்பந்தி தனாயில், துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், அவர் தோளில் கை போட்டார்.

"சம்பந்தி, எங்க வீட்டுலயும் பீப்பா இருக்கு. திமிதர் நாளுக்கு மறுநாள் போட்டது. ரெண்டு தெரு தள்ளித்தான். கொண்டாரட்டுமா?"

"என்ன உப்பு?"

"கடலுப்பு. கல்லு."

"எவ்வளவு?"

"பத்துக்கு நானூத்தம்பது."

"கூடுதல். பீட்ரூட்டு?"

"போடல."

"தண்டைக் குடைஞ்சீங்களா?"

"யோவ், என் பையனைப் பத்திக்கூட இத்தனை கேள்வி நீ கேக்கலையே!" என்றார் தனாயில்.

வெலிச்கோ கடைசிக் கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஊத்துறதா, ஊதுறதா?"

தனாயில் நேரே அவரைப் பார்த்தார். "ஊதுறதுதான். எங்கப்பா காலத்துலேருந்து."

வெலிச்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கிங்கா ஒரு கிளாஸ் ரக்கியாச் சாராயத்தை அவர் கையில் திணித்து, "குடிச்சுட்டு சரின்னு சொல்லு" என்றாள். குடித்தார். சரி என்றார். தனாயில் இரண்டு கேன்களோடு வெளியே ஓடினார்.

ரொட்டியும் தேனும் ஊட்டி முடிந்தது. ஹோரோ ஆட்டத்துக்கு வரிசை சேர்ந்தது. வரிசையின் தலைப்பில் மணமகளும் தகப்பனும். தனாயில் கேன்களைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடைக்குள் போவதை வெலிச்கோ பார்த்துவிட்டார். கையை உருவினார். ராலிட்சா விடவில்லை.

"அஞ்சு நிமிஷம்மா. பாத்துட்டு வந்துர்றேன். அவர் எவ்வளவு ஊத்துறாரோ..."

"போ. நான் தடுக்கல. ஆனா நீ போனா நான் இந்த வரிசைய விட்டு எறங்கிருவேன். அப்புறம் இந்தக் கல்யாணத்துல நான் ஆடமாட்டேன்."

"அதுக்கில்லடா தங்கம்..."

"என் பள்ளிக்கூட நாடகத்துக்கு ஏழு மணின்னு வரல. பதினெட்டாவது பொறந்தநாளுக்கு நிலவறைலேருந்து ஏறி வந்து கேக்கு வெட்டுன. இன்னிக்கு ஒருநாள், அப்பா."

டோலக்கு அடி விழுந்தது. வெலிச்கோ கால் எடுத்து வைத்தார். வலது, வலது, இடது. அவருடைய கழுத்து மட்டும் நடைப்பக்கம் திரும்பியே இருந்தது. இரண்டாவது சுற்றில் வாத்தியம் தணிந்த இடைவெளியில் எல்லோருக்கும் அது கேட்டது: பின்னாலிருந்து ஒரு நீண்ட, ஆழமான குளுகுளு சத்தம். ரப்பர் குழாய். தனாயில் ஊதிக்கொண்டிருந்தார்.

வெலிச்கோவின் முகம் சுண்ணாம்பாகியது. ஆனால் கால் நிற்கவில்லை. ராலிட்சாவின் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு முழுதாக இருபத்து மூன்று நிமிடம் ஆடினார். நான் கடிகாரம் பார்த்தேன்.

திரும்பும் ரயிலில் அவர் பீப்பாயின் மூடியைத் திறக்கவே இல்லை. "செத்த வீட்டுல அடிக்கடி எட்டிப் பாக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். ஸ்லிவெனில் வழக்கம்போல் ஏழு மணிக்கு ஊற்றினார், துக்கம் காக்கிறவர்போல.

கிறிஸ்மஸுக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பீப்பாயைத் திறந்தால் இலை மஞ்சளாக, கண்ணாடிபோல் இருந்தது. கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்டது. கிங்கா அறுபது சர்மி சுற்றினாள், ஒன்றுகூடக் கிழியவில்லை. சம்பந்தியம்மா ஒன்பது சாப்பிட்டாள். புதுக் காலணிகளோடு வந்திருந்தாள், அவற்றைக் கழற்றி அலமாரிக்கு மேலே வைத்திருந்தாள்.

"என் தண்ணி" என்றார் தனாயில்.

"என் கோஸு" என்றார் வெலிச்கோ.

"என் காத்து!"

"வாய மூடிட்டுத் தின்னுங்க ரெண்டு பேரும்" என்றாள் ராலிட்சா.

அடுத்த நவம்பரில் ஒருநாள் ஏழு மணிக்கு நான் நிலவறைக்குப் போனேன். வெலிச்கோவின் வாளி ஆணியில் உலர்ந்து தொங்கியது. அவர் பீப்பாயின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வாயில் ரப்பர் குழாய், கன்னம் இரண்டும் உப்பி. சிகரெட்டை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. காரணம் கேட்டவர்களிடம் நெஞ்சுவலி என்று சொல்லியிருந்தார்.

என்னைப் பார்த்ததும் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"உள்ள என்னமோ அடைச்சிருக்கு. என்னன்னு பாக்குறேன்" என்றார்.

நான் என் பீப்பாய்க்குப் போய் ஊற்றத் தொடங்கினேன். நான் படியேறும் வரை அவர் காத்திருந்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் குளுகுளு சத்தம் மறுபடி ஆரம்பித்தது.