இரும்பு வழியில் சத்தியபாமா

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. ஒரு வீட்டில் பிறந்தநாள் என்றால் மற்ற எல்லா வீடும் பூட்டிக் கிடக்கும். சாப்பாடு முடிந்து ஆண்கள் முன்னறையில் கூடியதும் விக்னராஜாவைச் சுற்றிக் கதிரைகள் இழுபடும். அவர் அரசாங்கக் கட்டட இலாகாவில் சிவில் எஞ்சினியர். பகிடி விடுவதில் கெட்டிக்காரர். அவருடைய பகிடிகளில் ஆகப் பெயர்பெற்றது, அவருடைய மனைவி சத்தியபாமா கோபுரத்தில் ஏறிய கதை.

நடந்தது இதுதான். சத்தியபாமா வேலை செய்த ஆஸ்பத்திரி ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகருக்கு வெளியே த பேசின் என்ற ஊருக்கு மேலே மலைக்காட்டுக்குச் சுற்றுலா போனார்கள். அங்கே காட்டுத்தீ பார்க்கும் இரும்புக் கோபுரம் ஒன்று இருந்தது. எல்லாரும் ஏற, அவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். பாதிவழியில் படிகளின் இடைவெளியூடாகத் தரை தெரிந்தது. அவ்வளவுதான். தூணைக் கட்டிப்பிடித்தாள், மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கடைசியில் காவற்காரன் ஒருவன் வந்து, கம்பளியால் அவளைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி இறக்கினான்.

விக்னராஜா இதைச் சொல்லும்போது எழுந்து நின்று கதவு நிலையைக் கட்டிப்பிடிப்பார். "ஐயோ அம்மாளாச்சி!" என்று குரலை மெல்லிதாக்கிக் கத்துவார். காவற்காரனைப் போலக் குனிந்து நடப்பார். சிரித்துச் சிரித்து ஆட்களுக்குக் கண்ணீர் வரும். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும் சத்தியபாமாவுக்கு எந்த இடத்தில் சிரிப்பு எழும்பும் என்பதுகூடப் பாடமாகிவிட்டது.

"இனி அந்தக் கதையைச் சொல்லாதையுங்கோ," என்று ஒருநாள் காரில் வரும்போது கேட்டாள்.

"பகிடிக்குத்தானே. உமக்கு ஏன் கோவம் வருது?"

அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை, கண்ணாடித் தட்டுகளில் வளரும் கிருமிகளைப் பார்த்துப் பிரித்துச் சொல்வது. அந்தத் தட்டுகளையும் குழாய்களையும் கழுவி அவித்து வைப்பவள் பியா. இத்தாலியின் வடக்கு மலைகளிலிருந்து வந்தவள். இவளுடைய வயதுதான், முப்பத்தெட்டு. குரல் பெரிது, பொறுமை சின்னது. மதியம் இருவரும் பின்படியில் இருந்து சாப்பிடுவார்கள். இவளுடைய இடியப்பத்தை அவள் சாப்பிடுவாள். அவளுடைய பாணையும் சீஸையும் இவள் சாப்பிடுவாள். பேச்சு, இருவருக்கும் வாய்த்த ஆங்கிலத்தில்.

ஒருநாள் பியா ஒரு புகைப்படம் கொண்டுவந்தாள். செங்குத்தான பாறை. அதில் இரும்புப் படிகள் ஆணிபோல் அறையப்பட்டிருந்தன; பக்கத்தில் உருக்குக் கம்பி ஓடியது. அந்தக் கம்பியில் தன் இடுப்புக் கயிற்றைக் கொளுவிக்கொண்டு பியாவின் தம்பி புரூனோ சிரித்துக்கொண்டு நின்றான்.

"வியா ஃபெராட்டா," என்றாள் பியா. "இரும்பு வழி. எங்கள் ஊரில் யுத்த காலத்தில் சிப்பாய்களுக்காகப் போட்டார்கள். இப்போது எல்லாரும் ஏறுகிறார்கள். என் அம்மாவும் ஏறியிருக்கிறாள்."

"இது இத்தாலியோ?"

"இல்லை. இங்கேதான், வடக்கே, ஓர் ஆட்டுப்பண்ணைக்குப் பின்னால். அந்தக் காலத்தில் தங்கம் தோண்டியவர்கள் தண்ணீர் கொண்டுபோக இந்தப் படிகளை அறைந்திருக்கிறார்கள். புரூனோவும் கட்டட வேலைக் கூட்டாளிகளும் பழுது பார்த்துக் கம்பி போட்டார்கள். ஈஸ்டருக்குப் போகிறோம்."

சத்தியபாமா படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"நானும் வாறன்," என்றாள்.

பியாவுக்குக் கோபுரக் கதை தெரியும். அன்றைக்கு அவளும் அங்கே நின்றவள். அவள் சிரிக்கவில்லை. "கோபுரத்தில் உன் கைக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அதனால் பயம் முழுவதும் தலைக்கு ஏறிவிட்டது. இதில் கைக்கு ஓயாத வேலை இருக்கும்," என்றாள்.

"முதலில் ஆகப் பயங்கரமான இடம் எது என்று சொல்லு. மிச்சத்தைப் பிறகு கேக்கிறன்."

பியா கையை விரித்துக் காட்டினாள். முதலில் இரும்புப் படிகள். பிறகு பாறையின் குறுக்கே பாதம் வைக்கும் அகலத்தில் ஒரு விளிம்பு. அதன் நடுவில் ஒரு வெடிப்பு; ஆழம் முழுவதும் கீழே தெரியும். அதைக் காலை எட்டி வைத்துத் தாண்ட வேண்டும். அதற்கு அப்பால் ஓர் ஏணி, பிறகு உச்சி.

"அந்த வெடிப்பு மட்டும்தான்," என்றாள் பியா. "அதற்குப் பயிற்சி எடுக்க முடியாது."

"ஏன் ஏலாது?" என்று கேட்டாள் சத்தியபாமா.

ஆஸ்பத்திரிக்குச் சாமான் இறக்கும் மேடைக்கும் பக்கத்துச் சுவருக்கும் இடையில் கிட்டத்தட்ட அதே அளவு இடைவெளி இருந்தது. அடுத்த நாள் மதியம் முதல் அவள் சேலையோடேயே அதைத் தாண்டத் தொடங்கினாள். லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். தீ விபத்துக்காகக் கட்டடத்தின் பின்புறம் போட்டிருந்த இரும்புப் படியில் பியா கொளுவிப் பழக்கினாள். இடுப்பிலிருந்து இரண்டு குறுங்கயிறுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் வாய் திறந்து மூடும் இரும்புக் கொளுக்கி. கம்பி பாறையில் பூட்டப்பட்டிருக்கும் இடம் வந்ததும் ஒன்றைக் கழற்றி அப்பால் மாட்டி, பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பியா முதுகில் ஓங்கி அடிப்பாள்.

சில நாட்களில் நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். யன்னலுக்கு வெளியே பெண்கள் தொங்குவதாக நோயாளிகள் முறையிடுகிறார்கள் என்றார். சத்தியபாமா மன்னிப்புக் கேட்டாள். அன்று பின்னேரமே வீட்டுக் கூரையில் ஏணி சாத்தினாள்.

விக்னராஜாவுக்கு அதுவரை விஷயம் தெரியாது. வேலையால் வந்தவர் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"என்ன செய்யிறீர்?"

"பழகிறன். ஈஸ்டருக்கு மலை ஏறப்போறன், பியாவோடை."

அவர் சிரித்தார். அவள் விவரம் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது. "யார் போட்ட கம்பி? எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு யார் சோதிச்சவை? ஒருத்தரும் பொறுப்பில்லாத வேலை. நான் விடமாட்டன்."

"நீங்கள்தானே எஞ்சினியர். வந்து சோதியுங்கோ."

"சத்தியா, நீர் கோபுரத்திலையே..."

"நான் கேக்கேல்லை. சொல்லுறன்," என்றாள் அவள், ஏணியின் மேல்படியில் நின்றபடியே.

மறுநாள் ஏணி கொட்டிலுக்குள் போய்விட்டது. கொட்டிலைப் பூட்டிய திறப்பு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. சத்தியபாமா பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவரிடம் போய் ஏணி கேட்டாள். அவர் ஏணியோடு சுவரையும் தந்தார். அந்தச் சுவர் தெருவைப் பார்த்தது. பொழுதுபடும் வரை சேலைக்காரி ஒருத்தி ஏறி இறங்குவதைத் தெருவே பார்த்தது. மூன்றாம் நாள் விக்னராஜா தன் ஏணியைக் கொண்டுவந்து பின்வளவில் சத்தமில்லாமல் சாத்திவைத்தார். அவள் அதைத் தொடவில்லை. கிரேக்கரின் சுவரே அவளுக்குப் பிடித்துப்போனது.

அந்த மாதம் வரதராஜா வீட்டில் விருந்து. சென்னையிலிருந்து புதிதாக வந்த வெங்கட்ராமனும் மனைவி விமலாவும் வந்திருந்தார்கள். புது ஆட்கள் என்றால் பழைய கதைக்கு உயிர் வந்துவிடும். யாரோ "விக்னா, அந்தக் கோபுரக் கதை," என்றார்கள். விக்னராஜா எழும்பிக் கதவு நிலையைப் பிடித்தார்.

சத்தியபாமா குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"மிச்சத்தை நான் சொல்லுறன்," என்றாள்.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"என்னை மூட்டை மாதிரிக் கட்டி இறக்கினவை. அது உண்மை. நான் குழறினனான், அதுவும் உண்மை. ஈஸ்டருக்கு நான் இரும்புப் படியிலை மலை ஏறப்போறன். விழுந்தால் உங்களுக்குப் புதுக்கதை கிடைக்கும். விழாட்டில் இந்தக் கதை இண்டையோடை முடிஞ்சுது."

விக்னராஜா கதவு நிலையிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார். வரதராஜாவின் மனைவி ரஞ்சினி பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது: "பிள்ளை குட்டி இருந்தால் உந்த விசருகள் வராது."

சத்தியபாமாவுக்கு முகம் சூடேறியது. அந்த வார்த்தையைப் பலர் வாய்க்குள் வைத்திருந்ததை அவள் அறிவாள். வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

"ஓம் ரஞ்சினி," என்றாள். "பிள்ளை இல்லை. அதுக்காக நான் வீட்டுக்குள்ளை இருந்து அழவேணும் எண்டு நினைக்கிறீரோ? எனக்கு ரெண்டு காலும் இருக்கு."

திரும்பிக் குசினிக்குள் போனாள். அவள் பின்னாலேயே விமலா வந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும். கொஞ்ச நேரம் கோப்பை துடைத்தாள்.

"அக்கா, மலைக்குப் புடவையா கட்டிட்டுப் போவீங்க?"

"காற்சட்டை இனித்தான் வாங்கவேணும். இஞ்சை கடையிலை எல்லாம் எனக்கு நீளம்."

"வாங்காதீங்க. எங்கிட்ட மெஷின் இருக்கு, நான் தைச்சுத் தர்றேன். முட்டில ரெண்டு மடிப்பு வச்சு."

சொன்னபடியே கட்டியான காக்கித் துணியில் தைத்துக் கொடுத்தாள். சப்பாத்துத்தான் கிடைக்கவில்லை. நகரத்துக் கடையில் மலையேறும் சப்பாத்து எதுவும் அவளுடைய சின்னப் பாதத்துக்கு அளவில்லை. விற்பனையாளர் கையை விரித்தார். அவள் நேரே அடுத்த தெருவுக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பையன்கள் போடும் தடித்த சப்பாத்தை வாங்கி, கால் பழக ஆய்வுகூடத்திலும் அதைப் போட்டுக்கொண்டே கிருமிகளைப் பார்த்தாள்.

ஈஸ்டர் வெள்ளியன்று விடிய, புரூனோவின் வான் வண்டி வந்து ஹோர்ன் அடித்தது. விக்னராஜா விறாந்தையில் நின்றார்.

"வேண்டாம் எண்டு கடைசியாச் சொல்லுறன்."

"போட்டு வாறன்," என்றாள் சத்தியபாமா.

மறுநாள் காலையில் பாறையின் அடியில் நின்றபோது புல்லில் உறைபனி இருந்தது. புகைப்படத்தில் பார்த்ததைவிடப் பாறை பெரிது, மேல்நுனி தெரியவில்லை. புரூனோ முன்னால், அவள் நடுவில், பியா பின்னால். முதல் படியைப் பிடித்தாள். தோல் கையுறையையும் தாண்டி இரும்பு குளிர்ந்தது. கழற்று, மாட்டு, கழற்று, மாட்டு. பியா சொன்னது சரிதான், கைக்கு ஓயாத வேலை. பைன் மரங்களின் தலைகள் காலுக்குக் கீழே போனதை அவள் கவனிக்கவில்லை.

விளிம்பில் நடந்து வெடிப்புக்கு வந்தபோதுதான் பார்த்தாள். ஆஸ்பத்திரி மேடையிலும் இதே தூரம்தான். ஆனால் அங்கே கீழே சிமெந்து தெரியும். இங்கே கீழே காகங்கள் பறந்தன.

கால் அசையவில்லை. பாறையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பால் நின்ற புரூனோ நல்ல மனத்தோடு சொன்னான்: "பரவாயில்லை. கயிறு இருக்கிறது. கட்டி இறக்கிவிடுகிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை." சொல்லிக்கொண்டே கையை நீட்டினான்.

"என்னைத் தொடாதை!" என்று தமிழில் கத்தினாள் சத்தியபாமா. பாறை அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தது. புரூனோவுக்கு மொழி தெரியாவிட்டாலும் கை பின்னே போனது.

அவள் காலை எட்டி வைத்தாள். தவறான காலை வைத்தாள். சப்பாத்து ஈரப்பாறையில் வழுக்கியது. விழுந்தாள்.

விழுந்த தூரம் ஒரு முழம்தான். கயிறு இழுபட்டு இடுப்பை இறுக்கியது, முழங்கால் பாறையில் மோதிக் காற்சட்டை கிழிந்தது, அவள் காகங்களுக்கு மேலே தொங்கினாள். மேலே கம்பி நரம்புபோல அதிர்ந்துகொண்டிருந்தது. இத்தனை மாதமாக எதை நினைத்து உடம்பு நடுங்கியதோ அது நடந்தே விட்டது. நடந்து முடிந்த பிறகும் அவள் இருந்தாள். முழங்கால் எரிந்தது. கோபம் வந்தது, பாறைமேலா, வழுக்கிய அந்தச் சப்பாத்துமேலா என்று தெரியவில்லை.

"உயிரோடு இருக்கிறாயா?" என்று பியா கத்தினாள்.

"இரு, வாறன்!" என்று இவள் கத்தினாள்.

கம்பியைப் பிடித்துத் தன்னை இழுத்து, முதலில் வயிற்றையும் பிறகு காலையும் விளிம்பில் ஏற்றி, வெடிப்புக்கு அப்பால் எழுந்து நின்றாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை, கொடுக்கப் பயந்தார்கள். ஏணியில் அவள் ஏறிய வேகத்தைப் பார்த்துப் புரூனோ வழியிலிருந்து ஒதுங்கினான்.

உச்சியில் காட்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முகில் மூடியிருந்தது. காற்று காதைப் பிய்த்தது. பியா சலாமி இறைச்சியை வெட்டினாள். சத்தியபாமா கட்டிக்கொண்டு வந்த புட்டை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். அவ்வளவு பசி அவளுக்கு முன்னெப்போதும் வந்ததில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். விக்னராஜா வானொலிக்கு முன்னால் இருந்தார். கிழிந்த காற்சட்டையையும் முழங்காலில் காய்ந்த இரத்தத்தையும் பார்த்தார்.

"விழுந்தனீரோ?"

"ஓம். விழுந்தனான்."

"பிறகு?"

"பிறகு ஏறினனான்."

அவர் எழும்பிப் போய் டெட்டோலும் பஞ்சும் கொண்டுவந்தார். துடைக்கக் குனிந்தார். அவள் பஞ்சை வாங்கித் தானே துடைத்துக்கொண்டாள். எரிந்தது, முகம் சுளிக்கவில்லை. போத்தலை மூடிக்கொண்டு அவர் கேட்டார், "கம்பி என்ன தடிப்பு?" பெருவிரலை மடித்துக் காட்டினாள். "காணும், தாங்கும்," என்றார் எஞ்சினியர். மன்னிப்பு என்ற சொல் அவரிடமிருந்து வரவில்லை. அவளும் அதற்குக் காத்திருக்கவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்துக்குள் அந்த ஆட்டுப்பண்ணை கைமாறிவிட்டது. மலை இனிச் சரிவராது, வாசல் படலையில் "உள்ளே வரக்கூடாது" என்று பலகை தொங்குகிறது என்றான் புரூனோ. சத்தியபாமாவும் பியாவும் தாங்களே காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். பலகை தொங்கியது உண்மைதான். சத்தியபாமா படலையைத் திறந்து, ஆடு வெளியே போகாமல் ஒழுங்காகச் சாத்தி, வீட்டுக் கதவைத் தட்டினாள்.

புதுச் சொந்தக்காரர் காக்கிக் காற்சட்டை போட்ட இரண்டு பெண்களையும் மேலும் கீழும் பார்த்தார். "ஆண்கள் எங்கே?" என்று கேட்டார்.

"வீட்டில் சமைக்கிறார்கள்," என்றாள் சத்தியபாமா. "நாங்கள் ஏறிவிட்டு மத்தியானம் இந்தப் பக்கமாகத்தான் வருவோம். எனக்குத் தேநீரில் சீனி வேண்டாம்."