வெளியே பூட்டிய ஒத்திகை

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு, மெல்லிசைக் குழுவின் ஒத்திகை பார்க்க என் மாணவிகள் இருபது பேரை அழைத்துப் போயிருந்தேன். வேடிக்கைக் கூட்டம் நுழையாதிருக்க வெளியே பூட்டுவது அந்தக் குழுவின் வழக்கமாம். என் புத்தி எங்கே போனதோ, தலையாட்டினேன்.

பூட்டிவிட்டுச் சாவியோடு டீ வாங்கப் போன குழு ஆள் திரும்பவில்லை. ஜன்னலில் பார்த்தால் மறியல்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். டயர் எரிந்த புகை உள்ளே வந்தது. பிள்ளைகள் அழுதார்கள். குழுவினர் பயந்து வாசிப்பை நிறுத்தினார்கள்.

"நிறுத்தாதீங்க. சத்தம் கேட்டாத்தான் யாராவது வருவாங்க" என்றேன்.

டிரம்ஸ் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு குரல்: "வெளிய பூட்டிக்கினு உள்ள இன்னா பண்றீங்க?"

மரம் வெட்டிய கோடாலியாலேயே அந்த மறியல்காரர் பூட்டை உடைத்தார்.

இப்போதெல்லாம் பிள்ளைகளோடு எந்த மண்டபத்துக்குப் போனாலும், முதலில் பூட்டைக் கேட்டு வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.