கீழ்த்தளத்தில் ஒரு முக்காலி

சட்டை தைக்கும் கம்பெனியில் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொண்டவளுக்கு 'சமாதான அக்கா' என்று பெயர். வைத்தது யாரோ, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். பதினேழு வருஷத்தில் ஒரு புகாரும் வாசலைத் தாண்டியதில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை. பஸ் ஓட்டும் கணவர்கூட, "எல்லா வழக்கையும் தீர்த்துட்டு வந்துட்டியா?" என்று கிண்டலடிப்பார்.

தீர்த்த லட்சணத்தைக் கேளுங்கள். ஒரு பெண் அழுதுகொண்டு வருவாள். கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேட்பாள். பிறகு அவளிடம் வாலாட்டிய ஆளைத் தனியாகக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். மறுநாளே அந்தப் பெண்ணை மெஷினிலிருந்து எழுப்பி, கீழ்த்தளத்தில் சட்டைக்கு விலைச்சீட்டு கட்டும் அறைக்கு மாற்றிவிடுவாள். அங்கே ஆண்கள் கிடையாது, பத்திரமான இடமாம். ஒரு துண்டுத்தாளில்கூட எதையும் எழுதமாட்டாள். எழுதினால் பெண்ணின் பெயர் கெட்டுப்போகுமாம்! சொந்த மகள் வேலைக்குச் சேர்ந்த அன்று மட்டும், "எவனாவது வாலாட்டினா உடனே எழுதிக் கொடுத்துடு" என்று சொல்லி அனுப்பியவளும் இவள்தான்.

அன்று காலை, காலர் தைக்கும் பெண் வந்தாள். மூன்றாவது வரிசை சூப்பர்வைசர், சரிபார்க்கிற சாக்கில் தோளில் கை வைக்கிறாராம். விலகினால், தைத்ததெல்லாம் கோணல் என்று பிரிக்கச் சொல்கிறாராம்.

"கவலைப்படாதே கண்ணு. நாளையிலேர்ந்து நீ கீழ..."

அவ்வளவுதான், அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "ஐயோ, கீழ மட்டும் அனுப்பாதீங்கக்கா! நான் ஒண்ணுமே சொல்லலைன்னு நினைச்சுக்குங்க."

"அங்க உனக்கு என்ன பயம்?"

"தப்பு பண்ணினவங்களைத்தான் கீழ அனுப்புவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நானே அப்படித்தான் நினைச்சிருந்தேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "கொஞ்சம் இரு, வந்துடறேன்" என்று படியிறங்கினாள். ஆட்களை அனுப்பியிருக்கிறாளே தவிர, அவள் அங்கே போய் எத்தனையோ வருஷம்.

ஜன்னல் இல்லாத அறை, ஒரே ஒரு டியூப் லைட், நீள மேசை. ஆறு பெண்கள் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரும் அவள் அனுப்பியவர்கள். முதலில் வந்தவள் ஒரு காலத்தில் கம்பெனியிலேயே வேகமான தையல்காரி. இப்போது ஒன்பது வருஷமாக முடிச்சு. அவள் எழுந்திருக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு முக்காலியைக் காலால் இழுத்துவிட்டாள்.

"வாங்கக்கா. அடுத்தது யாரு? உட்கார இடம் வேணுமேன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மூணாவது வரிசையிலேர்ந்து எத்தனை பேர் வந்தீங்க?"

நாலு கைகள் உயர்ந்தன.

தெரியாதா அவளுக்கு? தெரியும், ஒவ்வொருவராகத் தெரியும். நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கை தூக்கி அவள் பார்த்ததில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

"என்னை மன்னிச்சுடுங்கம்மா."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அந்த ஆள் இன்னும் மேலதானே இருக்கான்?" என்றாள் பழைய தையல்காரி.

அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். "விசாரணை முடியிற வரைக்கும் மூணாவது வரிசை சூப்பர்வைசர் தையல் கூடத்துப் பக்கமே வரக்கூடாது சார். புகார் கொடுத்த பொண்ணு மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டா. வெளியாள் ஒருத்தரும் இருந்து விசாரிக்கணும்."

"வழக்கம்போல பேசி முடிங்களேன். எழுத்துல வந்தா முதல்ல மாட்டறது நீங்கதான். நாலு தடவை பூசி மெழுகினது யாருன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

வாய் சொல்லிவிட்டது. வேலையே போனாலும் போகும்.

திரும்பி வந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து புகார்ப் பதிவேட்டை எடுத்தாள். பதினேழு வருஷத்தில் ஒரு கீறல்கூட விழாத புத்தகம். "உன்னைக் கீழ அனுப்பமாட்டேன். எழுதட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, இரண்டு இடத்தில் திருத்தினாள்.

கையெழுத்துப் போடப் போன பெண் நிறுத்திவிட்டாள். "இது புது நோட்டுதானேக்கா? முன்னாடி நாலு பக்கம் வெறுமனே இருக்கு. என்னை ஏன் அஞ்சாவதுன்னு போட்டிருக்கீங்க?"

"அதே ஆளைப் பத்திச் சொல்ல உனக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க," என்றாள் அக்கா. "நான்தான் எழுதலை."