வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்த கத்தி

சைகோனில் எங்கள் துணிக்கடை அரசாங்கத்துக்குப் போனபோது, என் கால்சட்டைப் பையிலிருந்த மடக்குக் கத்தியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆட்சி மாறியபின் என்னிடம் மிஞ்சிய கடை அதுதான். முன்பு அதை வைத்துத் துணியின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு, மீதியைக் கையால் கிழிப்பேன். பிறகு அதே கத்தியால் தெருவோரம் உட்கார்ந்து சைக்கிள் ட்யூப்புக்கு ஒட்டுப் போட்டேன், வயர் சீவினேன், மாங்காய் நறுக்கினேன். பிஸ்மில்லா சொல்லிக் கோழி அறுக்க வேண்டும் என்றாலும் அதுதான். முன்பு அறுத்துக் கொடுத்த எங்கள் காரைக்கால்காரர்கள் பெரும்பாலும் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். தினமும் பீங்கான் கிண்ணத்தின் அடியில் தீட்டுவேன். மனைவியை நம்பியதைவிட ஒரு பிடி கூடுதலாகவே அதை நம்பினேன். அவளுக்கும் அது தெரியும்.

மனைவி வியட்நாம்காரி. என்னை மணப்பதற்காக இஸ்லாத்துக்கு வந்தவள். அவள் அம்மா மார்க்கத்துக்கு வரவில்லை. மாமனார் இறந்தபின் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தார்.

வந்த அன்றே நான் சட்டம் போட்டேன். பன்றிக்கறி தின்பது அவர் இஷ்டம். தனி அடுப்பு, தனிச் சட்டி, நான் வீட்டில் இல்லாத நேரம். ஆனால் என் கத்தியில் அது படக் கூடாது. பட்டால், நகரத்துக்கு வெளியே குச்சி என்ற ஊரில் இருக்கும் தன் மூத்த மகள் வீட்டுக்கு அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த வீட்டில் ஏற்கனவே ஒன்பது பேரும் ஒரு எருமையும் இருந்தார்கள். விஷயம் எவ்வளவு பெரியது என்று புரியட்டும் என்பதற்காக, எங்கள் மார்க்கச் சட்டத்தையும் எடுத்துச் சொன்னேன்: பன்றி பட்ட பொருளை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும். மாமியார் கவனமாகக் கேட்டார். எந்த மண் என்று மட்டும் விசாரித்தார். சுத்தமான மண் என்றேன்.

நான்கு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. கத்தியின் மடிப்பில் மட்டும் வாராவாரம் மண் சேர்ந்தது. தீக்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, சைகோன் தூசியைத் திட்டுவேன். மிளகாய்ச் செடித் தொட்டியிலும் மண் இறங்கிக்கொண்டே போனது. எலி வேலை என்று முடிவு கட்டிப் பொறி வைத்தேன். ஒன்றும் விழவில்லை.

முப்பது வருடத்தில் அந்தக் கத்தி என்னைப் பிரிந்திருந்தது வெள்ளிக்கிழமை மதியங்களில்தான். ஜும்ஆ தொழுகைக்குக் கைலி கட்டிப் போவேன். கைலிக்குப் பை கிடையாது. கத்தி, ஆணியில் தொங்கும் கால்சட்டையிலேயே இருக்கும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பாலம் ஏறும்போது கைலியின் முனை சைக்கிள் செயினில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க உள்ளே போனது. கத்தி இருந்தால் ஒரு நொடி வேலை. கைலியை அவிழ்த்துவிட்டுப் போகலாம் என்றால், பாலத்தில் கூட்டம். முளையில் கட்டிய ஆடு மாதிரி, குனிந்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கத்தியைத் தேடி வீட்டுக்குத் திரும்பினேன்.

கொல்லைக் குழாயடியில் மாமியார் குந்தியிருந்தார். அவருடைய அடுப்பில் சட்டி கொதித்தது. என்ன கறி என்று வாசனையே சொன்னது. கையில் என் கத்தி. பக்கத்தில் ஒரு சிரட்டையில் மிளகாய்த் தொட்டி மண். கத்தியைக் கழுவிக் கழுவி, வியட்நாமியத்தில் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு. ஐந்து.

நான் மிரட்டலாகச் சொன்னதை அவர் செய்முறையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை நின்றது. உள்ளேயிருந்து மனைவி ஓடிவந்தாள். என் உம்மாவிடம் அடுப்படியில் கற்ற காரைக்கால் தமிழில், "அம்மாவ ஏசாதீங்க. அவங்க கத்தி மொன்னையாப் போச்சு. ஒரு வாரங்கூட ஏழுக்குக் கொறைச்சதில்ல," என்றாள்.

மாமியார் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தன் மொழியில் மெதுவாகக் கேட்டார்: "குச்சிக்கு பஸ் எத்தனை மணிக்கு, மாப்புள?"

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை, வெட்கம்தான் வந்தது. மொன்னைக் கத்தியைத் தீட்டித் தரச் சொல்லிக் கேட்கும்படிகூட நான் அவரிடம் நடந்துகொண்டதில்லை. சட்டம் சொன்ன நான் வாழ்நாளில் ஒரு கரண்டியைக்கூட ஏழு தடவை கழுவியதில்லை. நல்லவேளையாக, குனிந்தே நின்றதால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

"அஞ்சுதான் ஆச்சு, மா," என்றேன் அவர் மொழியிலேயே. "இன்னும் ரெண்டு இருக்கு."

மாமியார் குழாயைத் திறந்தார். மறுபடி குந்தினார். ஆறு. ஏழு. கத்தியைத் துடைத்துக்கொண்டு என் காலடிக்கு வந்தார். கைலியின் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு, மீதியைக் கையால் கிழித்து என்னைச் சைக்கிளிலிருந்து விடுவித்தார்.

அன்று ஜும்ஆ தவறியது. அதற்குப் பதில் லுஹர் என்னும் மதியத் தொழுகையை வீட்டிலேயே தொழுதேன். அடுத்த வெள்ளிக்கிழமை தொட்டியருகே இருந்த எலிப்பொறியை எடுத்தேன். கத்தியை நன்றாகத் தீட்டிக் குழாயடியில் வைத்தேன். பக்கத்தில் ஒரு சிரட்டை நிறைய மண்ணும் வைத்துவிட்டுத் தொழப் போனேன்.