‘புட் டவுன்’ என்று சொன்ன பீரோ

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் பிழைப்பு. நான் லாரி ஓட்டுபவன். அவர் சுமப்பவர். அவரை எல்லாரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் வைத்து மூன்று மாடி இறங்கினார், அன்றிலிருந்து அந்தப் பெயர். ஆள் என்னவோ ஒல்லி. புதிதாகப் பார்ப்பவர்கள், “இவரா பீரோ? பீரோவுக்குள்ள தொங்குற சட்டை மாதிரி இருக்காரே!” என்று சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வேலையில் ஒட்டிக்கொண்டதுதான். லிஃப்ட், ஸ்லோ, கேர்ஃபுல், புட் டவுன். எங்கள் தொழிலுக்கு அது போதும். எந்த வீட்டுக்காரர் எந்த பாஷை பேசினாலும் கடைசியில், “புட் டவுன் ஹியர்” என்று ஒரு மூலையைக் காட்டுவார். இவர் இடுப்பை வளைத்து, சத்தமே வராமல் இறக்கி வைப்பார். சுமை தரையைத் தொட்டதும் ஒரு பெருமூச்சு விடுவார். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்குத் தோள் லேசாகிவிடும் என்று சொல்வார்.

அவரிடம் ஒரு நாய் இருந்தது. ஒரு வீட்டைக் காலி செய்தபோது வேண்டாம் என்று விட்டுப்போன பழைய மேஜையின் இழுப்பறைக்குள் குட்டியாகக் கிடந்தது. எப்படி உள்ளே போனதோ தெரியாது. சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். டிராயரில் கிடைத்ததால் டிராயர் என்றே பெயர் வைத்துவிட்டார். சாயங்காலம் ஆனால் வாசலில் நின்று, “டிராயர்! எங்கடா போன, டிராயர்!” என்று கத்துவார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். “கொஞ்சம் மெதுவாக் கூப்பிடுங்க. இடுப்புல இருந்தது காணாமப் போச்சான்னு எதிர் வீட்டுல கேக்கறாங்க.”

அன்றைக்கு மதியம் ஒரு வீட்டு வேலையை முடித்து, சாப்பிட வந்துகொண்டிருந்தோம். தெருமுனையிலேயே கூட்டம். ஒரு வேன் டிராயரை அடித்துவிட்டுப் போயிருந்தது. அவர் மகள் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். பின்னங்கால் ஒன்று பார்க்க முடியாதபடி நசுங்கியிருந்தது. நாய் கத்தவில்லை, நடுங்கியது. பீரோவின் முகத்தில் ஈயாடவில்லை. லாரியில் சாமான் மீது போர்த்தும் கம்பளியை உருவி, அதில் நாயைச் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

எங்களுக்குத் தெரிந்த மிருக ஆஸ்பத்திரி ஒன்றுதான். அதன் வாசலில் லாரியை நிறுத்த இடமில்லை. அவரை இறக்கிவிட்டுவிட்டு நான் அடுத்த தெருவுக்குப் போனேன். அதனால் உள்ளே முதலில் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டாக்டர் இளவயசுக்காரர். தமிழ் தெரியாது. நாயை உயரமான ஒரு எவர்சில்வர் மேஜைமேல் கிடத்தி, அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு நிறையப் பேசினார். பீரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கண் முழுக்க நாய்மேல் இருந்தது. டிராயருக்கு உயரம் என்றால் பயம். லாரியில் ஏற்றினால்கூட அழும். இப்போது அந்த வழவழப்பான மேஜையில் முன்னங்கால் நகத்தால் கீறிக்கீறிப் பிடிமானம் தேடியது. கீழே விழுந்துவிடுமோ என்று இவர் மேஜை விளிம்பில் கையை அணை கொடுத்து நின்றார்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் பேச்சை நிறுத்தி, குனிந்து, மெல்லிய குரலில் கேட்டார். “ஷல் வி புட் ஹிம் டவுன்?”

இத்தனை நேரத்தில் புரிந்த ஒரே பேச்சு அதுதான். பீரோவுக்கு உயிர் வந்தது. நல்ல மனுஷன், நாய் பயப்படுவதைப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தார்.

“எஸ், எஸ்! புட் டவுன், புட் டவுன்,” என்றார். பிறகு, அடிபட்ட இடம் வலிக்கக்கூடாதே என்று, “ஸ்லோ. கேர்ஃபுல்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார். “தேங்க்யூ,” என்றார் பீரோ.

நான் உள்ளே நுழைந்தபோது முதல் ஊசி போட்டாகிவிட்டது. நாய் மேஜைமேலேயே தூங்கிக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே சரிந்திருந்தது. “வலி தெரியாம இருக்க மருந்து குடுத்திருக்காரு. இனிமே கீழ இறக்கிக் கட்டுப் போடுவாரு போல,” என்று பீரோ என்னிடம் கிசுகிசுத்தார். முகம் தெளிந்திருந்தது. டாக்டர் திரும்பி நின்று இன்னொரு ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். நாங்கள் தமிழில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். அலமாரியிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டவள், டாக்டர் ஏற்றும் மருந்தைக் கவனித்துவிட்டு, பீரோவைப் பார்த்து நின்றாள்.

“ரொம்ப நாளா வளத்தீங்களாண்ணா?”

“குட்டியிலேர்ந்து வளக்கறேம்மா.”

“மனசைத் தேத்திக்குங்க. கஷ்டப்படாம போயிடும். தூங்கற மாதிரியே இருக்கும்.”

“எங்க போயிடும்?” என்றார் பீரோ.

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அண்ணா… நீங்கதானே சரின்னு சொன்னீங்க?”

“எதுக்கு?”

“கருணைக்கொலைக்கு.”

அந்த வார்த்தை எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. பீரோ அவளைத் திருத்துகிறவர் போல, “இல்லம்மா, இறக்கி வைக்கவான்னு கேட்டாரு. புட் டவுன்னாரு. நான் சரின்னேன்,” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

“டாக்டர்! ஸ்டாப்!” என்று அவள் கத்திய கத்தலில் டாக்டர் கையிலிருந்த ஊசி தட்டில் விழுந்தது. அவள் படபடவென்று இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் பீரோவைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

பீரோ கத்தவில்லை, சண்டை போடவில்லை. தூக்கத்தில் கிடந்த நாயின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அது ஏறி இறங்குவதைக் கையால் பார்த்துக்கொண்டே, “நான்தான் சரின்னேன்… நானே சரின்னேன்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பின்னால் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பெண்ணே நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினாள். இடுப்பெலும்பும் உடைந்திருக்கிறது, கால் தேறாது, வயசும் ஆகிவிட்டது, துன்பப்படுமே என்றுதான் கேட்டேன் என்றார் டாக்டர்.

“காலை எடுத்துட்டா உசிர் நிக்குமான்னு கேளும்மா.”

கேட்டாள். “நிக்கலாமாம். உறுதியாச் சொல்ல முடியாதாம்.”

“எடுக்கச் சொல்லு,” என்றார். அப்புறமும் சந்தேகம் வந்து, “நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லு,” என்றார். டாக்டர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அவள் தமிழில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தலையாட்டினார்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு எல்லாத்துக்கும் எஸ் எஸ்ங்கறீங்க?” என்று வெடித்தாள். அவர் மகளைக் கூப்பிட்டு, “அந்த வார்த்தைக்கு என்னடா கண்ணு அர்த்தம்?” என்று கேட்டார்.

அவள் மேல்வகுப்பு படிக்கிறவள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். “பையைக் கீழ வைக்கறதும் புட் டவுன்தான்ப்பா. போனை வைக்கறதும் அதான். குழந்தையைத் தூங்கப் போடறதுக்கும் சொல்வாங்க. நாலு பேர் முன்னாடி ஒருத்தரை மட்டம் தட்டினாலும் புட் டவுன். மிருகத்துக்குச் சொன்னா மட்டும்…”

“குழந்தையைத் தூங்க வைக்கறதுக்கும் இதேவா?” என்று கேட்டார்.

“பக்கத்துல என்ன வார்த்தை இருக்குன்னு பார்த்துதான்ப்பா தெரிஞ்சுக்கணும்.”

“எனக்கு ரெண்டு வார்த்தைதானே தெரியும். பக்கத்துல இருக்கறதை எங்க போய்ப் பாக்கறது?” என்றார்.

டிராயர் பிழைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் மூன்று காலில் கெந்திக்கெந்தித் தெருமுனை வரை போய் வர ஆரம்பித்தது. மனுஷர்தான் சீக்கிரம் தேறவில்லை. அதற்கப்புறம் ஒரு வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தை மாடிக்கு ஏற்றினோம். வீட்டுக்கார அம்மா, “புட் இட் டவுன் ஹியர்,” என்றார். பீரோ அப்படியே நின்றுவிட்டார். வேர்த்து ஊற்றியது, கழுத்து நரம்பு புடைத்தது, இறக்கவில்லை. “அண்ணே, கீழ வைங்கண்ணே,” என்று நான் தமிழில் சொன்ன பிறகுதான் குனிந்தார். அன்றிலிருந்து வாடிக்கையாளர் எது சொன்னாலும் அதை நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நானும் ஒவ்வொரு வீட்டிலும் லாரியிலிருந்து இறங்கி மாடி ஏற வேண்டியதாயிற்று. மூட்டு வலி வந்ததுதான் மிச்சம்.

தையல் பிரிக்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் வாசல் வரை வந்து நாயைத் தடவிக்கொடுத்தார். அந்தப் பெண்ணிடம் பீரோ கையெடுத்துக் கும்பிட்டார். “நீ மட்டும் அந்த அறையில வேலையா இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்மா!”

அவள் சங்கடமாகச் சிரித்தாள். “நான் வேலையில இல்லண்ணா. என் நேரம் முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். பையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன்.”

பீரோ கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே நின்றார். டிராயர் கயிற்றை இழுத்தது. வெளியே யாரோ சைக்கிளில் போனதைப் பார்த்துவிட்டது போல. அதன் பின்னால் மெல்ல நடந்து லாரிக்கு வந்தார். நாயைப் பக்கத்து இருக்கையில் விடாமல், அவ்வளவு தூரமும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.