தூளிக்குப் போன நேரம்

கையில் கடிகாரத்தோடு ஒருவர் சிரித்த முகமாக வந்து நின்றால் இன்றைக்கும் நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். நான் பொதுவாகவே யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. ஆனால் கடிகாரக்காரர்கள் மேல் உள்ள இந்தத் தனிக் கோபம் ஆம்பூர் ஷாப்பில் வந்தது.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். பாலாற்றங்கரையில் இருந்த அந்த ஷாப்பில் தோலும் சுண்ணாம்புக் குழியும் ஆண்கள் பாடு. பெண்களுக்குப் பட்டைக் கொட்டகை. தோலை ஊறப்போடுவதற்கான காய்ந்த ஆவாரம்பட்டையை உலக்கையால் இடித்துக் கூடையில் நிரப்ப வேண்டும். நாள் கூலி, கூடைக் கணக்கு கிடையாது. கைக்குழந்தைக்காரிகள் கொட்டகைக்குப் பின்னால் புங்கமரத்தில் தூளி கட்டியிருப்போம். பிள்ளை அழுதால் எழுந்துபோய்ப் பால் கொடுத்துவிட்டு வருவோம். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். என் பெண்ணுக்கு அப்போது ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு தவறிவிட்டன. அதனால் அவள் சிணுங்கினாலே எனக்குக் கை ஓடாது.

ஒரு நாள் மெட்ராசிலிருந்து அந்த மனிதர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, உள்ளங்கையில் அடங்குகிற கடிகாரம். அதன் தலையில் கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும்.

"ஒரு கூடைக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்க வந்திருக்காரு. எப்பவும்போல இடிங்க," என்றார் மேஸ்திரி.

எப்பவும்போல இடிப்பதைப் பார்க்க மெட்ராசிலிருந்து எதற்கு ஓர் ஆள்? பொம்பளைகளைப் பார்க்க வந்தவராக இருக்கும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. உலக்கையையும் கூடையையும்தான் பார்த்தார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வேண்டுமென்றே மெதுவாக இடித்தேன். அவர் என்னை விட்டுவிட்டு அடுத்தவளிடம் போய் நின்றார்.

அடுத்தவள் பள்ளிகொண்டாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்கும் தூளியில் ஒரு பையன். அவன் அழுததும் அவள் உலக்கையை விடாமல் அவரைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தை அழுத்தி நிறுத்தினார்.

"போயிட்டு வாம்மா. உன் நேரத்தை நிறுத்திட்டேன். அவசரமே இல்ல."

கொட்டகையே உருகிவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் நிறுத்தினார், வெற்றிலை போட உட்கார்ந்தாலும் நிறுத்தினார். திரும்பி வந்தவர்கள் அந்த நன்றிக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இடித்தார்கள்.

"தங்கமான மனுசன்டி. பெத்த அப்பனாட்டம் பேசறாரு," என்றாள் பள்ளிகொண்டாக்காரி.

"சும்மா ஏன் நிறுத்தறாரு? அவுருக்கு இன்னா வந்துது?" என்றேன்.

"உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். உங்கூட பெரிய பேஜாரு."

அவர் மறுபடி என்னிடம் வந்து நின்றபோது என் பெண் அழுதாள். அவர் கடிகாரத்தை நிறுத்த, நானும் போனேன். அவள் குடித்து முடிக்கும்வரை மரத்தடியிலிருந்து அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. எனக்குச் சந்தேகப்படத்தான் தெரிந்தது. எதைச் சந்தேகப்படுவது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். இனி ஆளுக்கு நாளைக்கு ஆறு கூடை; குறைந்தால் அரைக்கூலி. என்ன முக்கினாலும் நாங்கள் நாலைத் தாண்டியது கிடையாது. மெட்ராஸ்காரர் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஷாப்பு வாசலில் அவரை மறித்தேன்.

"ஆறு கூடை எப்பிடிங்க வரும்? புள்ளைக்குப் பால் குடுக்கற நேரம் இதுல எங்க?"

அவர் கோபப்படவில்லை. என் கேள்விதான் அவருக்கு விசித்திரமாகப் பட்டது.

"அது வேலை இல்லையேம்மா. வேலைக்கு ஆகற நேரத்தை மட்டும்தானே எடுக்கணும்? அதனாலதான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினேன்."

மூச்சுப் பிடித்து இடித்த நேரத்தை மட்டும் எடுத்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதையே பரப்பி வைத்திருக்கிறார். பாவி என்று வாய்வரை வந்தது. உள்ள கூலியும் போய்விடுமே என்று விழுங்கினேன்.

தூளிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பள்ளிகொண்டாக்காரி பையனை அவன் அத்தையிடம் விட்டாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தாள். நான் என் பெண்ணை அடுத்த வீட்டுக்காரியிடம் விட்டேன், கஞ்சி ஊற்றச் சொல்லி. கஞ்சியில் தண்ணீரை ஜாஸ்தி விடுகிறாளோ, அழவிட்டுத் தூங்குகிறாளோ என்று நாளெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். பால் கட்டி வலிக்கும், ரவிக்கை நனையும். உலக்கையை மட்டும் நிறுத்த முடியாது. வீட்டுக்குப் போகும்போது அவள் தூங்கியிருப்பாள். கொஞ்ச நாளில் ரவிக்கை நனைவதும் குறைந்துபோயிற்று.

முதலாளி சாய்பு; வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. ஒரு வெள்ளிக்கிழமை ஆசை தீரக் கொடுக்கலாம் என்று அவளை மடியில் போட்டு மாராப்பை விலக்கினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரியின் குரல் கேட்ட பக்கம் இரண்டு கையையும் நீட்டி அழ ஆரம்பித்தாள்.